அஞ்சு பயிர் போட்டும் அஞ்சும் ஒண்ணா போனது ஏன்?

கேள்வியைப் படிக்காம நேரா பதிலுக்கு வர்றவங்களுக்காக முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு ஏக்கர் வச்சிருக்கற ஒரு நண்பர், ஒரே பயிரை நம்பாதே, கலந்து போட்டா ரிஸ்க் குறையும்னு எல்லாரும் சொன்னதைக் கேட்டு தக்காளி, கத்திரி, மிளகாய், வெண்டை, ஓரத்துல கொஞ்சம் மக்காச்சோளம்னு அஞ்சு பயிர் வச்சிருக்கார். நடு சீசன்ல கிணறு இறங்கிடுச்சு, அப்புறம் செடி வாட ஆரம்பிச்சுது, தப்பிச்சு வந்த காய்க்கும் விலை இல்ல, அஞ்சுமே ஒரே வருஷத்துல அடி வாங்கிடுச்சு. "அடுத்த தடவை இன்னும் எத்தனை பயிர் சேர்த்தா பாதுகாப்பு?"ன்னு கேக்கறார். எத்தனைன்னு கேட்டிருந்தாலும் அவர் மனசுல ஓடறது வேறன்னு எனக்குப் படுது. பயிர் வேற வேறயா இருந்தும் எல்லாம் ஏன் சேர்ந்து விழுந்துச்சு, அப்ப கலப்புப் பயிர்னு சொல்றதே பொய்யா, இதுதான் அவரோட நிஜமான கேள்வி.

பொய் இல்ல, ஆனா அதை நமக்குச் சொல்லும்போது பாதியை விட்டுட்டுச் சொல்லிடறாங்க. நான் உழவியல் படிச்சுட்டு பல வருஷமா சின்ன நிலம் வச்சிருக்கறவங்களுக்குப் பயிர்த் திட்டம் போட்டுக் குடுக்கற வேலைல இருக்கேன், அதை வச்சுச் சொல்றேன். உங்க நிலத்தை நான் நேர்ல பாக்கல, அதனால எது எந்த மண்ணுக்கும் பொருந்தும், எது உங்க மண்ணையும் தண்ணியையும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு பிரிச்சே சொல்லிட்டுப் போறேன். எங்கயும் பொருந்தற விஷயம் ஒண்ணு இருக்கு: எத்தனை பயிர் வச்சிருக்கோம்ங்கறது கணக்கே இல்ல, அந்தப் பயிர்லாம் எத்தனை வேற வேற காரணத்தால போகும்ங்கறதுதான் கணக்கு. அஞ்சு பயிரும் ஒரே காரணத்துக்குப் போகும்னா உங்ககிட்ட இருக்கறது ஒரே பயிர்தான்.

உங்க பட்டியலையே எடுத்துக்கங்க. தக்காளி, கத்திரி, மிளகாய் மூணும் ஒரே தாவரக் குடும்பம், உருளைக்கிழங்கு கூட அதே குடும்பம்தான். ரால்ஸ்டோனியாங்கற பாக்டீரியாவால வர்ற வாடல் மண்ணுல வந்துட்டா மூணையுமே பிடிக்கும், அதுவும் வருஷக்கணக்குல மண்ணுலயே கிடக்கும். வேர்முடிச்சு நூற்புழு இந்த மூணோட நிக்காம வெண்டையையும் தாக்கும். வெள்ளை ஈ வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமலைக் கொண்டு வரும், தக்காளிக்கு இலைச்சுருட்டை வைரஸைக் கொண்டு வரும். காய்ப்புழு தக்காளிக் காயையும் துளைக்கும் மக்காச்சோளக் கதிரையும் துளைக்கும். ஆக மண்ணு நோய்ப் பக்கம் பாத்தா உங்ககிட்ட இருந்தது ரெண்டு ரெண்டரை பயிர். தண்ணிப் பக்கம் பாத்தா ஒண்ணே ஒண்ணு, ஏன்னா அஞ்சுமே ஒரே கிணத்தை நம்பி, ஏறக்குறைய ஒரே நேரத்துல பூ எடுக்கற மாதிரி நட்டது. விலைப் பக்கமும் அப்படித்தான், நாலு காய்கறியும் பறிச்சா ரெண்டு மூணு நாளுக்குள்ள வித்தே ஆகணும், வச்சிருந்து விக்க வழியில்ல.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததுன்னு நினைச்சு மனசு ஒடிஞ்சு போகாதீங்க, பெரிய நாடே இதுல மாட்டிக்கிச்சு. 1970ல அமெரிக்காவுல மக்காச்சோளத்துக்கு இலைக் கருகல் நோய் வந்து அந்த வருஷ விளைச்சல்ல ஏறக்குறைய 15 சதவீதம் போச்சு. அங்க விவசாயிங்க ஒரே விதையையா போட்டாங்க? இல்ல, பல கம்பெனி, பல பேர்ல ஹைப்ரிட் விதை வாங்கித்தான் போட்டாங்க. ஆனா விதை உற்பத்தில ஆண் பூவைக் கையால கிள்ளற கூலி மிச்சமாகுதுன்னு பெரும்பாலான ஹைப்ரிட்ல டெக்ஸாஸ் சைட்டோபிளாசம்னு, ஆண் பூவுல மகரந்தம் உருவாகாம செய்யற ஒரே தாய்வழிப் பண்பைச் சேர்த்திருந்தாங்க, அந்த ஒரு பண்பைத் தேடிப் பிடிக்கற பூஞ்சை இனம் பெருகினதும் பேர் எத்தனை இருந்தும் எல்லாம் சேர்ந்து கருகுச்சு. அதனால ரெண்டு ரகம் வாங்கறப்ப கூட பாக்கெட் மேல உள்ள பேரைப் பாத்து திருப்திப்பட்டுக்காதீங்க, வயசு என்ன (விதைச்சு எத்தனை நாள்ல அறுவடைக்கு வரும்), எந்த நோயைத் தாங்கும்னு கேட்டு அது ரெண்டுலயும் வித்தியாசம் இருந்தா மட்டும் ரெண்டுன்னு கணக்குல எடுத்துக்கங்க.

அதனால அடுத்த சீசனுக்கு விதை வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்துக்கங்க. இடது பக்கம் பயிர் பேரை எழுதுங்க. மேல, அது எதனால போகும்னு எழுதுங்க: பூ எடுக்கற நேரத்துல தண்ணி இல்லாம போறது, தொடர்ந்து மழை பெஞ்சு வேர்ல தண்ணி நிக்கறது, மண்ணு நோய், பூச்சியும் வைரஸும், அறுவடை நேரத்துல ஆள் கிடைக்காதது, விலை விழறது, சேத்து வைக்க முடியாதது. எந்தப் பயிர் எதுக்கு அடி வாங்குமோ அந்தக் கட்டத்துல ஒரு கோடு போடுங்க. கோடு கம்மியா இருக்கற பயிரைத் தேடணும்னு அவசியமில்ல, எல்லாத்துலயும் அடி வாங்காத பயிர்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. மேல இருந்து கீழே ஒரே கட்டத்துல வரிசையா கோடு விழுந்திருக்கான்னு பாருங்க, அந்த வரிசைதான் உங்களோட ஆபத்து. இந்த மாதிரி போட்டுப் பாத்தவங்க பல பேரு முதல் தடவையே தண்ணிக் கட்டம் முழுக்க நிரம்பி இருக்கறதைப் பாத்துட்டு பயிரை மாத்தாம நடற தேதியை மாத்தியே பாதிப் பிரச்சினையைக் குறைச்சிருக்காங்க.

தண்ணி விஷயத்துல கொஞ்சம் நிறுத்திப் பேசணும், ஏன்னா சின்ன நிலத்துல மத்த எல்லா ரிஸ்க்கும் இதுக்கு அப்புறம்தான். ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிக்கணும்னா சுமார் 40,000 லிட்டர் வேணும். வாய்க்கால் பாசனத்துல ஒரு தடவைக்கு அஞ்சு சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா ரெண்டு லட்சம் லிட்டர். உங்க மோட்டார் கோடைல செகண்டுக்கு ரெண்டு லிட்டர்தான் தள்ளுதுன்னா மணிக்கு 7,200 லிட்டர், ஆக ஒரு ஏக்கரை ஒரு தடவை நனைக்கவே 28 மணி நேரம் ஓடணும், அவ்வளவு நேரம் கரண்டும் இருக்கணும் கிணத்துல ஊத்தும் இருக்கணும். இந்தக் கணக்கை நல்லா தண்ணி இருக்கற மாசத்துல போடாதீங்க, கிணறு ரொம்பக் கீழே இருக்கற மாசத்துல ஒரு டிரம்மை வச்சு எத்தனை செகண்டுல நிறையுதுன்னு பாத்து அந்த எண்ணை வச்சுப் போடுங்க. அந்தத் தண்ணிக்கு எவ்வளவு நிலம் தாங்குமோ அவ்வளவுக்கு மட்டும் தண்ணி நம்பி இருக்கற பயிர், மிச்சத்துக்கு மானாவாரியிலயும் தாக்குப் பிடிக்கற பயிர். சொட்டு நீர் போட்டா இதே தண்ணி அதிக நிலத்துக்கு வரும்ங்கறது உண்மைதான், ஆனா மிச்சமானதை வச்சு உடனே பரப்பைக் கூட்டிட்டா பழைய ரிஸ்க் அப்படியே திரும்பி வந்துடும், அதுவும் இன்னும் கொஞ்சம் அதிக முதலீட்டோட. மிச்சமாகற தண்ணி கிணத்துலயே இருக்கட்டும்.

பூ எடுக்கற நேரம்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்ல, காரணம் இருக்கு. மக்காச்சோளத்துல ஆண் பூ வந்து பட்டு நூல் வெளிய வர்ற அந்த ரெண்டு வாரம் காஞ்சா கதிர்ல மணி பிடிக்காது, அதுக்கப்புறம் எவ்வளவு தண்ணி விட்டாலும் போன மணி வராது. தக்காளில ராத்திரி சூடு கூடிட்டா மகரந்தம் சரியா வேலை செய்யாம பூ கொட்டும். சோளம் அப்படி இல்ல, காஞ்சா வளர்ச்சியை நிறுத்தி வச்சுட்டு மழை வந்ததும் திரும்ப ஆரம்பிக்கும். மரவள்ளி இலையை உதிர்த்துட்டு உயிரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், ஆனா அதே மரவள்ளிக்கு வேர்ல தண்ணி தேங்கினா அழுகிடும். இப்படி ஒண்ணு வறட்சிக்கு நிக்கும், இன்னொண்ணு ஈரத்துக்கு நிக்கும், அந்த மாதிரி எதிரெதிரா தேடிச் சேர்க்கணும். ஒரே பயிரைக்கூட ஒரே நாள்ல முழுசா நடாம ரெண்டு மூணு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவையா நட்டா பூ எடுக்கற நாள் பிரிஞ்சு போகும், காய் வரத்தும் பிரிஞ்சு வரும். எனக்குத் தெரிஞ்சு சின்ன நிலத்துல ரொம்பக் குறைஞ்ச செலவுல கிடைக்கற பாதுகாப்பு இதுதான். ஆனா பருவம் குறுகலா இருக்கற இடத்துல ரெண்டாவது நடவு மழையைத் தவற விட்டுடும், அங்க இதைச் செய்யாதீங்க.

சரி, உண்மையாவே கலப்புப் பயிர் ரிஸ்க்கைக் குறைக்குதுன்னு அளந்து பாத்திருக்காங்களான்னா, பாத்திருக்காங்க. இக்ரிசாட்டுங்கற சர்வதேச வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல இருந்த ராவ், வில்லின்னு ரெண்டு விஞ்ஞானிங்க சோளமும் துவரையும் ஊடுபயிரா போட்ட 94 சோதனையோட முடிவைச் சேத்து 1980ல வெளியிட்டாங்க. குறிப்பிட்ட ஒரு வருமானத்துக்குக் கீழே போனா அது நஷ்ட வருஷம்னு வச்சுக்கிட்டா, துவரை மட்டும் போட்டவருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நஷ்டம், சோளம் மட்டும் போட்டவருக்கு எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை, நிலத்தை ரெண்டா பிரிச்சு தனித்தனியா போட்டவருக்கு 13 வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டையும் ஒண்ணா கலந்து போட்டவருக்கு 36 வருஷத்துக்கு ஒரு தடவைதான்னு வந்துச்சு. இந்த நாலு எண்ணையும் நல்லாப் பாருங்க. பிரிச்சுப் போட்டதுக்கும் கலந்து போட்டதுக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளிதான் ஊடுபயிரோட தனிப் பலன். ஏன் அவ்வளவு வித்தியாசம்னா சோளம் மூணரை நாலு மாசத்துல அறுத்துடற பயிர், துவரை முதல் ரெண்டு மாசம் நிதானமா வளர்ந்துட்டு சோளம் போனதுக்கப்புறம் ஆழமா வேர் விட்டு அடில இருக்கற ஈரத்தை எடுத்துக் காய்க்கற பயிர். ஆரம்ப மழை பொய்ச்சு சோளம் போனா அந்த இடத்தையும் வெயிலையும் துவரை எடுத்துக்கும், பின்மழை பொய்ச்சா சோளம் ஏற்கனவே வீட்டுக்கு வந்திருக்கும். ஒண்ணு விட்ட இடத்தை இன்னொண்ணு பிடிச்சுக்கறதுதான் விஷயம். தனித்தனிப் பாத்தில போட்டா ஒரு பாத்தி காலியானா காலிதான்.

இதுக்காக எல்லாரும் சோளமும் துவரையும் போடுங்கன்னு நான் சொல்லல. வயசுல பெரிய வித்தியாசம், வேர் ஆழத்துல வித்தியாசம், குடும்பம் வேற, விக்கற விதம் வேற, இந்த நாலுல குறைஞ்சது மூணு இருந்தா அந்த ஜோடி வேலை செய்யும்னு எடுத்துக்கலாம். வயசு ஒத்துப் போற ரெண்டு பயிரை நெருக்கமாக் கலந்தா தண்ணிக்கும் உரத்துக்கும் ரெண்டும் அடிச்சுக்கும், வறட்சி வருஷத்துல தனிப் பயிரை விட மோசமா போகவும் வாய்ப்பிருக்கு. குறிப்பா முழு எண்ணிக்கைல ஒரு பயிரை நட்டுட்டு அதுக்கு நடுவுல இன்னொண்ணையும் முழு எண்ணிக்கைல திணிக்கறது ஈரம் நல்லா இருக்கற இடத்துக்குத்தான் சரி, தண்ணி சந்தேகமா இருந்தா ஒண்ணோட வரிசையைக் குறைச்சுட்டுத்தான் அடுத்ததைக் கொண்டு வரணும். லாபமா நஷ்டமான்னு நீங்களே அளக்க ஒரு எளிய வழி இருக்கு. கலந்து போட்டதுல ஒவ்வொரு பயிரும் தனியா போட்டா வர்ற விளைச்சல்ல எத்தனை பங்கு வந்துச்சுன்னு பாத்துக் கூட்டுங்க. சோளம் 0.8, துவரை 0.6 வந்தா மொத்தம் 1.4, அப்படின்னா தனித்தனியா போட்டிருந்தா இதே விளைச்சலுக்கு 40 சதவீதம் அதிக நிலம் வேணும்னு அர்த்தம். கூட்டினது ஒண்ணுக்குக் கீழே வந்தா அந்த ஜோடியை விட்டுடுங்க. இதுக்கு ஓரமா ரெண்டு பயிரையும் தனியா சின்னப் பாத்தில போட்டு வைக்கணும், இல்லன்னா ஒப்பிட ஆள் இல்ல.

இப்ப சந்தேகமான பக்கத்துக்கு வர்றேன், ஏன்னா கலப்புப் பயிரைப் பத்திப் பேசறவங்க நிறைய பேரு இங்கதான் அளவுக்கு மேல வாக்குக் குடுத்துடறாங்க. கலந்து போட்டா பூச்சி வராதுங்கறது முழு உண்மை இல்ல. 1991ல ஆண்டோங்கற பூச்சியியல் ஆராய்ச்சியாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 287 வகைப் பூச்சிகளைப் பாத்ததுல பாதிக்குக் கொஞ்சம் மேல, 52 சதவீதப் பூச்சிகள் கலப்புல குறைஞ்சிருந்துச்சு, 15 சதவீதம் கூடியிருந்துச்சு, மிச்சம் இடத்துக்கு இடம் மாறுச்சு இல்லன்னா வித்தியாசமே காட்டல. ஒரே ஒரு பயிரை மட்டும் தின்னற பூச்சி கலப்புல வழி தவறும், கண்டதையும் தின்னற பூச்சிக்குக் கலப்பு வருஷம் முழுக்கச் சாப்பாடு போடும். காய்ப்புழுவும் வெள்ளை ஈயும் ரெண்டாவது கூட்டம், அதனால உங்க நிலத்துல இருந்த மாதிரி கலப்பு அதுங்களுக்கு வசதியாத்தான் இருந்திருக்கும். அதே நேரம் சரியான ஜோடி பெரிய பலன் குடுத்ததும் உண்டு. சீனாவோட யுனான் மாகாணத்துல குலைநோய்க்கு எளிதா இலக்காகற ரக நெல்லு வரிசைக்கு நடுவுல எதிர்ப்புள்ள ஹைப்ரிட் நெல்லு வரிசையைக் கலந்து போட்டப்ப, அந்த நோய் தாங்காத ரகத்துல குலைநோய் 94 சதவீதம் குறைஞ்சதா 2000ல வெளியான ஆய்வு சொல்லுது. கென்யால மக்காச்சோளத்துக்கு நடுவுல டெஸ்மோடியம்ங்கற பயறு வகைத் தீவனச் செடி, ஓரத்துல நேப்பியர் புல்லுன்னு போட்டு தண்டுத் துளைப்பானையும் பயிரோட வேர்ல ஒட்டி உறிஞ்சற ஸ்ட்ரைகா களையையும் அடக்கற முறையும் நல்லா நிரூபிச்சது. ரெண்டுலயும் எந்தப் பகை, எந்தப் பயிர்னு குறி வச்சுத்தான் ஜோடி சேத்தாங்க, பொதுவா கலந்ததால வந்த பலன் இல்ல அது.

பயறு வகையைக் கலந்தா பக்கத்துப் பயிருக்குத் தழைச்சத்து கிடைச்சுடும், உரமே வேணாம்னு சொல்றதையும் அப்படியே நம்பிடாதீங்க. அதே சீசன்ல பக்கத்துச் செடிக்குப் போற தழைச்சத்து பெரும்பாலும் கொஞ்சம்தான். பயறோட இலையும் வேரும் மண்ணுல மக்கினதுக்கப்புறம் அடுத்த பயிருக்குத்தான் நிறைய கிடைக்கும், அதுவும் செடியை வேரோட பிடுங்கி வெளிய கொண்டு போயிட்டா அதுலயும் பெரும்பங்கு போயிடும். உரச் செலவைக் குறைக்கற திட்டத்தை அடுத்த பருவத்துக்குப் போடுங்க, இந்தப் பருவத்துல கையை வச்சு பயிரைப் பட்டினி போட்டுடாதீங்க.

கலப்புப் பயிர் புதுசா கொண்டு வர்ற ரிஸ்க்கும் இருக்கு, அதை யாரும் சொல்றதே இல்ல. முதல்ல மருந்து. சோளத்துலயும் மக்காச்சோளத்துலயும் அகல இலைக் களையைக் கொல்ல அடிக்கற 2,4-டி பக்கத்து வரிசைல இருக்கற பயறையும் தக்காளியையும் விடாது, காத்துல பறந்து போய் அடுத்த வயல்ல விழுந்தாலே இலை சுருண்டு போகும். அட்ராசின் மாதிரி களைக்கொல்லி மண்ணுல தங்கி அடுத்து வர்ற பயறை முளைக்க விடாம செய்யலாம். பூச்சி மருந்துல இன்னும் கவனம் வேணும். உயரமான பயிருக்கு மருந்து அடிக்கறப்ப கீழே இருக்கற கீரையோ காயோ நாளைக்குப் பறிக்க வேண்டியதா இருந்தா, அந்த மருந்துக்கு டப்பால போட்டிருக்கற காத்திருப்பு நாள் கீழ்ப்பயிருக்கும் பொருந்தும். அதனால தினமும் பறிக்கற பயிரையும் அடிக்கடி மருந்து கேக்கற பயிரையும் ஒரே பாத்தில வைக்காம பக்கத்துப் பக்கத்துல பட்டை பட்டையா வைங்க. இது வெறும் வருமான ரிஸ்க் இல்ல, அந்தக் காயைச் சாப்பிடறவங்க உடம்பு சம்பந்தப்பட்டது, உங்க வீட்டுப் பிள்ளைங்களும் அதைத்தான் சாப்பிடுவாங்க.

அடுத்தது ஆளும் சந்தையும். ஏழு பயிர் வச்சா ஏழுக்கும் களை எடுக்கணும், ஏழுக்கும் பறிக்கணும், வீட்டுல ரெண்டு பேரு உழைக்கற இடத்துல ஒருத்தர் ஒரு வாரம் படுத்துட்டா ஏழும் ஒண்ணா தவறும். காலண்டர்ல ஒவ்வொரு பயிருக்கும் களை எடுக்கற வாரம், பறிக்கற வாரத்தைக் குறிச்சுப் பாருங்க, ஒரே வாரத்துல மூணு வேலை மோதுச்சுன்னா ஒரு பயிரைத் தள்ளியே ஆகணும். வியாபாரிக்கு ஒரு வண்டிக்கு ஆகற அளவு சரக்கு இருந்தாத்தான் தோட்டத்துக்கு வருவார், எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு கூடை இருந்தா நீங்கதான் தூக்கிட்டு அலையணும், வண்டி வாடகைலயே லாபம் போகும். என் அனுபவத்துல ரெண்டு ஏக்கருக்கு விக்கற பயிர் மூணு, மிஞ்சிப் போனா நாலு. அதுக்கு மேல வைக்கறதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வரப்புல வைக்கற அளவுக்கு இருந்தா போதும். இது ஆய்வு சொல்ற எண் இல்ல, நேரடியா வாங்கற வாடிக்கையாளர் வச்சிருக்கறவங்க பத்துப் பயிர் கூட வச்சு நல்லா நடத்தறாங்க, விக்கற வழியைப் பொறுத்து மாறும்.

விலை ரிஸ்க்கைப் பயிரை வச்சு மட்டும் சமாளிக்க முடியாது. போன சீசன்ல எதுக்கு நல்ல விலையோ அதை இந்த சீசன்ல எல்லாரும் நடுவாங்க, அறுவடைல வரத்து குவிஞ்சு விலை விழும், அடுத்த சீசன்ல எல்லாரும் விட்டுடுவாங்க, விலை ஏறும். இந்தச் சுழலுக்கு எதிரா உங்க கைல இருக்கற ஒரே ஆயுதம் காத்திருக்கற சக்தி. அதனால நாலுல ஒரு பயிராவது காய வச்சு சேத்து வைக்கற தானியமோ பயறோ நிலக்கடலையோ இருக்கட்டும். ஆனா சேத்து வைக்கறதுல சரியாக் காய வைக்கறது ரொம்ப முக்கியம். மக்காச்சோளம் 12, 13 சதவீத ஈரத்துக்குக் கீழே வரணும், ஓடு உரிச்ச நிலக்கடலை 7, 8 சதவீதத்துக்கு வரணும், இல்லன்னா பூஞ்சை பிடிச்சு அஃப்ளாடாக்சின்ங்கற நச்சு சேரும், அது கண்ணுக்குத் தெரியாது, வேக வச்சாலும் முழுசாப் போகாது. கடைசி மாசம் வறட்சில மாட்டின நிலக்கடலைல இந்த நச்சு வயல்லயே ஆரம்பிச்சுடும்ங்கறதால அந்த மாதிரி வருஷத்துல சூம்பின, ஓடு உடைஞ்ச கடலையைத் தனியாப் பிரிச்சு அழிச்சுடுங்க, வீட்டுக்கும் வேணாம், ஆடு மாட்டுக்கும் வேணாம். பயறுல வண்டு விழாம இருக்க நல்லா காஞ்சதை காத்துப் போகாத பையிலயோ டிரம்முலயோ வாய் வரைக்கும் நிரப்பி இறுக்கி மூடுங்க, உள்ள இருக்கற ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டு தானா அடங்கிடும்.

பணத்துல ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்றேன். ஒரு வருஷம் எல்லாமே போனாலும் அடுத்த வருஷம் விதைக்க முடியணும், அதுதான் திட்டத்தோட அடிமட்டம். அதனால கடன் வாங்கிச் செய்யற பயிர் ஒண்ணோட நிக்கட்டும், மிச்சம் சொந்த விதை, சொந்த உழைப்பு, குறைஞ்ச செலவுல ஓடணும். முதல் விதைப்பு போனா திரும்ப விதைக்க விதை கைல இருக்கணும், ஹைப்ரிட் தவிர்த்த பயறும் தானியமும் இதுக்குத் தோது. எடுத்து வச்ச விதைல நூறை எண்ணி ஈரத்துணில சுத்தி வச்சு எத்தனை முளைக்குதுன்னு பாத்துட்டு விதைங்க. ஆடு மாடு இருந்தா நல்லதுதான், ஆனா பெரிய வறட்சில தீவனமும் சேர்ந்து போகும், எல்லாரும் ஒரே நேரத்துல ஆட்டை விக்கப் போவாங்க, விலை பாதியாகும், அதனால தீவனம் குறையும்னு தெரிஞ்ச உடனே முதல் ஆளா வித்துடணும். பயிர்க் காப்பீட்டுல விதி இடத்துக்கு இடம் வேற, உங்க பக்கத்து அலுவலகத்துல கேட்டுத்தான் சேரணும். கேக்கறப்ப இழப்பை என் வயல்ல அளப்பீங்களா, இல்ல மழைமானியையோ சுத்துவட்டார சராசரியையோ வச்சு அளப்பீங்களான்னு மறக்காம கேளுங்க. ரெண்டாவதா இருந்தா உங்க வயல் மட்டும் அழிஞ்சாலும் பணம் வராம போகலாம்.

கடைசியா உங்க நிலத்துக்கு. புதுப் பயிர் தேடறதுக்கு முன்னாடி வாடல் எதனாலன்னு உறுதி பண்ணுங்க. வாடின செடியோட அடித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணி எடுத்து வெட்டுமுனை தண்ணியைத் தொடற மாதிரி ஆட்டாம பிடிச்சுப் பாருங்க. கொஞ்ச நிமிஷத்துல பால் மாதிரி வெள்ளையா நூல் இறங்குச்சுன்னா பாக்டீரியா வாடல். இறங்கல, கீழ் இலையில இருந்து மஞ்சளாகி வந்துச்சு, தண்டைப் பிளந்தா உள்ள பழுப்புக் கோடு இருக்குன்னா பூஞ்சை வாடலா இருக்க வாய்ப்பு அதிகம். வேரை மண்ணோட தோண்டி எடுத்துக் கழுவிப் பாத்து முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு. பயறு வேர்லயும் முண்டு இருக்கும், ஆனா அது வேர்ல ஒட்டி இருக்கும், விரல்ல தட்டினா உதிரும், நூற்புழு முடிச்சு வேரே வீங்கினது, உதிராது. பாக்டீரியா வாடலா இருந்தா அந்தப் பாத்தில தக்காளி, கத்திரி, மிளகாய் மூணையும் சில வருஷம் நிறுத்திட்டு தானியத்துக்கு மாறுங்க, அந்தப் பாத்தில ஓடின தண்ணி மத்த பாத்திக்குப் போகாம வாய்க்காலைத் திருப்புங்க, மண்வெட்டியைக் கழுவாம அடுத்த பாத்திக்குக் கொண்டு போகாதீங்க. நூற்புழுவா இருந்தா மக்காச்சோளம் போட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, சில வகை நூற்புழு அதுலயும் பெருகும், செண்டுமல்லியை ஒரு பருவம் நெருக்கமா முழுப் பாத்திக்கும் போடறது நல்ல வழி, ஓரத்துல நாலு செடி வச்சா பத்தாது.

அதுக்கப்புறம் நிலத்தைப் பிரிக்கறதுன்னா, நான் உங்க இடத்துல இருந்தா அரை ஏக்கருக்கு மேல காய்கறி வைக்க மாட்டேன், அதுவும் கத்திரிக் குடும்பத்துல ஒண்ணு, வேற குடும்பத்துல ஒண்ணு, ரெண்டு தடவையா பிரிச்சு நடவு. ஒரு ஏக்கர்ல தானியமும் நீண்ட வயசுப் பயறும் ஊடுபயிரா. மிச்ச அரை ஏக்கர்ல சேத்து வைக்கற இன்னொரு பயிர், இல்லன்னா தீவனம், அது உங்க வீட்டுல ஆடு மாடு இருக்கா, எத்தனை பேரு வேலைக்கு நிக்கறீங்கங்கறதைப் பொறுத்தது. கிணத்துல கோடைல எவ்வளவு ஊறுது, மண்ணு கரிசலா செம்மண்ணா, டம்ளர் சோதனைல என்ன வந்துச்சு, இந்த மூணும் சொன்னீங்கன்னா எந்த ரகம், எத்தனை அடி வரிசைன்னு அடுத்து பேசலாம்.